கேஸ் மேனேஜ்மென்ட்டில் உதவித்தொகையோடு முனைவர் பட்டம்: எங்கே தேடுவது, எதைக் கேள்வியாக்குவது

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவர்களுக்கு அடுத்து ஆக வேண்டியதை ஏற்பாடு செய்து தரும் பிரிவில் எட்டு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறீர்கள். இந்த வேலைக்கு வழங்கும் பெயரான கேஸ் மேனேஜ்மென்ட்டில் முனைவர் பட்டம் செய்ய ஆசை, கைக்காசு போட வழியில்லை. அந்தப் பெயரில் தேடினால் உருப்படியாக ஓர் அறிவிப்புகூடக் கண்ணில் படவில்லை, இந்தத் துறைக்குப் பணம் தருகிறவர்களே கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரில் அறிவிப்பு கொடுக்கிறவர்கள் குறைவு. தமிழில் இதை 'வழக்கு மேலாண்மை' என்று எழுதினால் வக்கீல் அலுவலக வாசனை அடிக்கிறது, அதனால் நான் கேஸ் மேனேஜ்மென்ட் என்றே எழுதுகிறேன். பெயர்த் தகராறு நமக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் 1990-இல் தேசிய சுகாதாரச் சேவை மற்றும் சமூகப் பராமரிப்புச் சட்டம் வந்த நேரத்தில், மனிதரைப் போய் 'கேஸ்' என்பதா என்று மனக்குறை எழுந்து, நிர்வகிக்கப்படுவது பராமரிப்புதானே என்று 'கேர் மேனேஜ்மென்ட்' ஆக்கினார்கள். பிறகு நாள்பட்ட நோயாளிகளுக்குக் 'கம்யூனிட்டி மேட்ரன்' என்ற செவிலியர் பதவி வந்தது. இன்றைக்குக் கேர் கோஆர்டினேட்டர், கேர் நேவிகேட்டர், கீ வொர்க்கர், லிங்க் வொர்க்கர் என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பட்டப்பெயர். சுவீடனில் கடும் மனநோய் உள்ளவர்களுக்காக இதே வேலையைச் செய்பவர் 'பர்சோன்லிக்ட் ஒம்பூட்'. அமெரிக்காவில் 'டிரான்சிஷனல் கேர்', 'காம்ப்ளெக்ஸ் கேர்' என்ற தலைப்புகளுக்குள் அது ஒளிந்திருக்கும். ஒருவரின் தேவையை மதிப்பிட்டு, திட்டம் போட்டு, பல துறைகளின் சேவைகளை ஒன்றாகக் கோத்து, தொடர்ந்து கவனித்து, ஒரு கட்டத்தில் முடித்து வைப்பது என்ற வேலை எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

ஆகவே தேடும் சொற்களை மாற்றுங்கள். இன்டக்ரேட்டட் கேர், கேர் கோஆர்டினேஷன், மல்டிமார்பிடிட்டி (ஒருவருக்கே பல நோய்கள், அதாவது பன்னோய்), ஃப்ரெய்ல்ட்டி (முதுமைத் தளர்ச்சி), ஹாஸ்பிட்டல் டிஸ்சார்ஜ், டிமென்ஷியா (மறதி நோய்) கேர், சோஷியல் பிரிஸ்கிரைபிங் (நோயாளியைச் சமூக உதவிகளிடம் அனுப்பி வைப்பது) ஆகியவற்றை ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள். அறிவிப்பின் தலைப்போடு நிற்காமல் விவரத்தையும் படியுங்கள். பன்னோய் உள்ள முதியவர்களுக்கான சேவைகளை ஆராயும் இடம் என்று போட்டிருக்கும். உள்ளே போனால் மூன்றாம் பத்தியில் உங்கள் வேலையே எழுதியிருக்கும்.

இனி பணம். 'உதவித்தொகையோடு' என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. பேராசிரியர் ஏற்கெனவே நிதி வாங்கிய ஒரு திட்டத்துக்குள், தலைப்பும் முறையும் தீர்மானித்து வைத்து, ஆள் மட்டும் தேடும் இடம் ஒன்று. உங்கள் கேள்வியோடு நீங்களே போட்டியிடும் விருது இன்னொன்று. பல்கலைக்கழகம் உங்களை ஊழியராக எடுத்து மாதச் சம்பளம் கொடுப்பது மூன்றாவது. அனுபவமுள்ள பணியாளர்கள் பெரும்பாலும் முதல் வகையோடு தேடலை நிறுத்திவிடுகிறார்கள். உங்களைப் போன்றவருக்கு மற்ற இரண்டும்தான் பொருத்தம் என்பது என் எண்ணம். எட்டு ஆண்டுகள் வாசலில் நின்று பார்த்தவருக்குத் தன் கேள்வி என்று ஒன்று கட்டாயம் இருக்கும்.

பிரிட்டனை எடுத்துக்கொண்டால், அரசின் ஆய்வு நிதி அமைப்பான யுகேஆர்ஐ வழியாக வரும் உதவித்தொகை 2025-26 கல்வியாண்டில் குறைந்தபட்சம் 20,780 பவுண்டு, அதற்கு வரி கிடையாது. கட்டணத்துக்கு 5,006 பவுண்டு தனியே போகும். சமூகப் பராமரிப்பு சார்ந்த தலைப்புகளுக்கு அதன் கிளையான பொருளாதார, சமூக ஆய்வு மன்றமான ஈஎஸ்ஆர்சிதான் முக்கிய வாசல். பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முனைவர் பயிற்சிக் கூட்டமைப்புகள் வழியாக அது இடங்களைக் கொடுக்கிறது. பெரும்பாலான கூட்டமைப்புகளின் கடைசித் தேதி குளிர்காலத்தில், டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் விழும். 2021 முதல் வெளிநாட்டு மாணவர்களும் யுகேஆர்ஐ இடங்களுக்குப் போட்டியிடலாம், ஆனால் ஒரு கூட்டமைப்பின் புதிய இடங்களில் 30 சதவீதம் வரைதான் அவர்களுக்கு.

இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் ஆறாம் பேண்ட் என்ற சம்பள நிலையில் சேரும் செவிலியரின் ஆண்டுச் சம்பளம் 2025-26-இல் 38,682 பவுண்டு. வரிச் சலுகையைக் கணக்கில் எடுத்தாலும் உதவித்தொகை அதற்குக் கிட்டத்தில் வராது. குடும்பம், வீட்டுக்கடன் என்று இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் பின்வாங்குகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் தேசிய சுகாதார, பராமரிப்பு ஆய்வு நிறுவனமான என்ஐஎச்ஆர் பக்கம் பார்க்க வேண்டும். 2022 வரை அதன் பெயரில் 'பராமரிப்பு' என்ற சொல் கிடையாது, அந்த ஆண்டு ஏப்ரலில்தான் சேர்த்தார்கள். பெயர் மாற்றம் அலங்காரத்துக்குச் செய்ததல்ல. சமூகப் பராமரிப்பு ஆய்வுக்கு அதற்கு முன்பே நிதி தந்துவந்த அந்த அமைப்பு, அதைத் தன் பெயரிலேயே சொன்னது அப்போதுதான். அதன் முனைவர் விருதுகள் உதவித்தொகை தருவதில்லை, சம்பளமே தருகின்றன. பகுதி நேரமாகவும் செய்யலாம். செவிலியர், சமூகப் பணியாளர் போன்றோர் தொழிலை விடாமல் ஆய்வு செய்வதற்கென்றே தனி வழி இருக்கிறது. முனைவர் ஆய்வுக்கு இன்னும் தயாராகாதவர்களுக்கு அதற்கு முந்தைய கட்ட விருதும் உண்டு. அதை இரண்டாந்தரம் என்று ஒதுக்காதீர்கள். விண்ணப்பம் எழுதவே சம்பளத்தோடு நேரம் கிடைப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது இரவுப் பணி முடிந்து வந்து விண்ணப்பம் எழுதியவர்களுக்குத் தெரியும்.

விளம்பரங்களில் கவனிக்க வேண்டிய சொற்கள் சில. 'ஹோம் ஃபீஸ் ஒன்லி' என்றால் உள்நாட்டு மாணவருக்கான கட்டணம் மட்டும்தான் கட்டுவார்கள்; வெளிநாட்டவராக இருந்தால் மிச்சம் உங்கள் தலையில். யுகேஆர்ஐ நிதியில் அந்த வித்தியாசத்தை மாணவரிடம் வாங்கக் கூடாது, ஆனால் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியில் வரும் இடங்களில் வாங்குவது சாதாரணம். 'காம்பெட்டிஷன் ஃபண்டட்' என்றால் தலைப்பு இருக்கிறது, பணம் இன்னும் இல்லை. பல தலைப்புகள் ஒரே பணத்துக்கு மோதும். 'செல்ஃப் ஃபண்டட்' என்பது வாய்ப்பு என்ற போர்வையில் வரும் செலவு. தொழில்முறை முனைவர் பட்டங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். நிறுவனம் பாதி கட்டினால் யோசிக்கலாம். யாராவது இடத்தை உறுதி செய்ய முன்பணம் கேட்டால் அதோடு பேச்சை நிறுத்திவிடுங்கள்.

அயர்லாந்தில் 2024 ஆகஸ்டில் பழைய ஆய்வு மன்றமும் அறிவியல் நிதியமும் இணைந்து 'ரிசர்ச் அயர்லாந்து' ஆனது. அதன் முதுநிலை ஆய்வு விருதில் உங்கள் தலைப்போடு நீங்களே போட்டியிடலாம். 2025-இல் ஆண்டுத் தொகை 25,000 யூரோ. சுகாதாரச் சேவை பற்றிய தலைப்புகளுக்கு அங்கே சுகாதார ஆய்வு வாரியமும் இருக்கிறது.

ஐரோப்பாவின் வடக்கே போனால் கணக்கே வேறு. நார்வே, சுவீடன், டென்மார்க், நெதர்லாந்து நாடுகளில் முனைவர் ஆய்வாளர் பெரும்பாலும் ஊழியர்; கல்விக் கட்டணம் கிடையாது, ஓய்வூதியச் சந்தாவும் விடுப்பும் உண்டு. நார்வேயில் 3 ஆண்டு, கற்பித்தல் போன்ற துறை வேலைகளும் சேர்ந்தால் 4. அங்கே இது சேர்க்கை அறிவிப்பாக வராமல் வேலை விளம்பரமாகவே வரும், ஆகவே மாணவர் தளங்களில் தேடினால் கிடைக்காது. நார்வேக்கு ஜாப்நோர்ஜ், நெதர்லாந்துக்கு அகாடமிக் டிரான்ஸ்ஃபர், ஐரோப்பா முழுவதற்கும் யூராக்ஸஸ் தளங்களைப் பாருங்கள். நெதர்லாந்தில் டிமென்ஷியா உள்ளவர்களுக்குக் கேஸ் மேனேஜர் என்பது வழக்கமான பராமரிப்பின் ஒரு பகுதியாகவே வளர்ந்துவிட்டது. ஆனால் நோயாளிகளோடு பேச வேண்டிய ஆய்வென்றால் உள்ளூர் மொழி கேட்பார்கள். கேட்பது நியாயமும்கூட. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி க்யூரி முனைவர் வலைப்பின்னல்களில் எந்த நாட்டவரும் சேரலாம். முக்கிய நிபந்தனை, பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில் அந்த நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இந்த விதி தெரியாமல், ஏற்கெனவே வாழ்கிற நாட்டிலேயே விண்ணப்பித்து அடிபடுகிறவர்கள் உண்டு.

ஆஸ்திரேலியாவில் ஆர்டிபி என்ற அரசு உதவித்தொகை பல்கலைக்கழகங்கள் வழியாக வருகிறது, வெளிநாட்டவரும் பெறலாம். அமெரிக்காவில் சமூகப் பணி, சுகாதாரச் சேவை ஆய்வுத் துறைகளின் முனைவர் திட்டங்கள் பலவற்றில் கட்டண விலக்கும் உதவியாளர் ஊதியமும் சேர்ந்தே கிடைக்கும். அங்கே மத்திய அரசின் பயிற்சி நிதிகள் பலவற்றுக்குக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும்.

இவ்வளவும் முகவரிகள்தான். கதவு திறப்பது கேள்வியைப் பொறுத்தது, அங்கேதான் விண்ணப்பங்கள் சறுக்குகின்றன. நான் படித்துக் கருத்துச் சொன்ன வரைவுகளில் பெரும்பாலானவை இப்படித் தொடங்கின: கேஸ் மேனேஜ்மென்ட் மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைக்கும், அதை நிரூபிக்கப் போகிறேன். இந்த வரியைப் பார்த்ததும் தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். நாற்பது ஆண்டுகளாகப் பலரும் அதைத்தான் நிரூபிக்க முயன்று மூக்குடைபட்டிருக்கிறார்கள்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. 1970-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தின் தானெட் பகுதியில், பிளெட்தின் டேவிஸ், டேவிட் சாலிஸ் என்ற ஆய்வாளர்கள் ஒரு சோதனையை ஆராய்ந்தார்கள். முதியோர் இல்லத்துக்குப் போகும் நிலையில் இருந்தவர்களைச் சமூகப் பணியாளர் ஒருவரின் பொறுப்பில் விட்டு, அவர் கையில் செலவுக்குப் பணமும் கொடுத்தார்கள். இல்லத்தில் ஓர் இடத்துக்கு ஆகும் செலவில் மூன்றில் இரண்டு பங்கு உச்சவரம்பு. அதற்குள் அக்கம்பக்கத்தவரை அமர்த்தலாம், சாப்பாடு ஏற்பாடு செய்யலாம், எதுவும் செய்யலாம். ஒப்பிட்ட குழுவைவிட அதிகம் பேர் சொந்த வீட்டிலேயே இருந்தார்கள். 1990 சட்டத்தின் பின்னால் இந்த முடிவுகளின் செல்வாக்கு பெரிது. ஆனால் சட்டம் வந்தபோது நாடெங்கும் பரவியது பதவிப் பெயர்தான். பணியாளர் ஒருவருக்குச் சில முதியவர்களே என்ற சிறிய எண்ணிக்கையும் கையில் பணமும் கூடவே வரவில்லை.

அதன்பின் வந்ததைப் பாருங்கள். அமெரிக்காவில் 1982 முதல் 1985 வரை 10 இடங்களில் முதியவர்களுக்காக நடந்த 'சேனலிங்' என்ற கேஸ் மேனேஜ்மென்ட் சோதனையில் மக்களின் நிறைவேறாத தேவைகள் குறைந்தன, திருப்தி கூடியது, மொத்தச் செலவு மட்டும் ஏறிவிட்டது. பிரிட்டனில் மனநோயாளிகள் 708 பேரை வைத்து நடந்த யுகே700 ஆய்வு, பணியாளர் ஒருவருக்கு 10 முதல் 15 பேர் என்ற ஏற்பாட்டையும் 30 முதல் 35 பேர் என்ற ஏற்பாட்டையும் ஒப்பிட்டது. 1999-இல் வெளியான முடிவில் மருத்துவமனை நாட்களில் வித்தியாசம் இல்லை. இங்கிலாந்தின் ஒன்பது பகுதிகளில் 2003-இல் தொடங்கிய, முதியவர்களைச் செவிலியர்கள் தொடர்ந்து கவனிக்கும் எவர்கேர் முன்னோட்டமும் அவசரச் சேர்க்கைகளைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை என்று 2007-இல் மதிப்பீடு சொன்னது.

கேம்டன் கதை இன்னும் சுவையானது. நியூஜெர்சியின் கேம்டன் நகரில் அடிக்கடி மருத்துவமனை சேரும் நோயாளிகளைத் தேடிப்பிடித்து, வீடு வரை போய்ப் பார்த்துக்கொள்ளும் திட்டம். அமெரிக்கா முழுவதும் அதைப் புகழ்ந்தார்கள். 800 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு 2020 ஜனவரியில் வந்தது. 180 நாளுக்குள் மீண்டும் சேர்ந்தவர்கள் திட்டத்தில் இருந்தோரில் 62.3 சதவீதம், இல்லாதோரில் 61.7 சதவீதம். அதே திட்டக் குழுவை மட்டும் முன்னும் பின்னும் பார்த்தால் 38 சதவீதப் புள்ளி வீழ்ச்சி தெரிந்தது! யாரும் பொய் சொல்லவில்லை. மிக மோசமான கட்டத்தில் இருப்பவரைப் பிடித்தால், அடுத்த ஆறு மாதம் ஒன்றும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் தேறத்தான் செய்வார். உங்கள் பிரிவின் ஆண்டறிக்கையில் 'எங்கள் பணியால் சேர்க்கை குறைந்தது' என்று ஒரு வரைபடம் இருந்தால், ஒப்பீட்டுக் குழு இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பழைய பிரிவின் அறிக்கையில் இல்லை. பல ஆண்டுகள் அந்த வரைபடத்தை நானே பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

இதைச் சொல்வது உங்களைச் சோர்வடையச் செய்ய அல்ல. பணம் கிடைக்கிற கேள்விகள் இந்த இடிபாட்டுக்குள்தான் கிடக்கின்றன. உதாரணமாக, கேஸை முடிப்பது. தொடங்குவதைப் பற்றி மலை போல் எழுதியிருக்கிறார்கள். முடிக்கும் நாளில் என்ன நடக்கிறது, யார் முடிவெடுக்கிறார், அதன்பின் அந்த முதியவர் யாரைக் கூப்பிடுகிறார் என்பதற்கு எழுத்து குறைவு. நீங்கள் மாதம் முழுக்கப் பார்ப்பது அதைத்தான். அடுத்து, குடும்பத்தில் ஒருவர் எப்போதும் சம்பளமில்லாத கேஸ் மேனேஜராக இருக்கிறார், பெரும்பாலும் மகளோ மருமகளோ. சம்பளத்தோடு இன்னொருவர் வந்து சேரும்போது அவருடைய சுமை இறங்குகிறதா, இல்லை அழைக்க வேண்டிய எண்களின் பட்டியலில் ஒன்று கூடுகிறதா? கோக்க வேண்டிய சேவையே ஊரில் இல்லாதபோது கோப்பவர் என்ன செய்கிறார் என்பது இன்னொன்று. கேம்டனுக்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் அதுவும் அடக்கம். வீடில்லாதவரை எந்த வீட்டுக்கு ஒருங்கிணைப்பது?

'பலன் தருமா' என்பதை 'யாருக்கு, எந்தச் சூழலில், எப்படி' என்று மாற்றினாலே வரைவின் தரம் ஒரு படி ஏறிவிடும். பாசன், டில்லி என்ற ஆய்வாளர்கள் 1997-இல் முன்வைத்த ரியலிஸ்ட் மதிப்பீடு இதற்கென்றே உருவான முறை. பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் 2021-இல் புதுப்பித்த சிக்கலான தலையீடுகளுக்கான வழிகாட்டியும் இதே திசையில்தான் பேசுகிறது. இரண்டையும் படித்துவிட்டு, கேள்விக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள். முறைகளின் பெயர்களை அடுக்கினால் பழுத்த ஆய்வாளர் போலத் தெரியும் என்று நினைப்பவர்கள் நேர்முகத்தின் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

வழிகாட்டியைத் தேடுவது விண்ணப்பத்துக்கு முந்தைய வேலை. பல்கலைக்கழகத்தின் தரவரிசையைப் பார்க்காதீர்கள், உங்கள் தலைப்பில் கடைசி ஐந்து ஆண்டுகளில் யார் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். பிரிட்டனில் கென்ட், லண்டன் பொருளாதாரப் பள்ளி, யார்க், மான்செஸ்டர், லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆகிய இடங்களில் சமூகப் பராமரிப்பு ஆய்வுக்கு நீண்ட மரபு இருக்கிறது. செப்டம்பரிலேயே எழுதுங்கள். கடிதம் பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது: நான் பார்த்த ஒரு முரண், அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் படித்தது, எனக்கு எழுந்த கேள்வி, எந்த நிதிக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். 'தங்கள் மேலான வழிகாட்டுதலின் கீழ்' வகை முகவுரைகள் வேண்டாம். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கால அட்டவணையில் நேர்மையாக இருங்கள். மறதி நோயால் தாமே சம்மதம் தரும் மனத்திறனை இழந்தவர்களைச் சேர்க்கும் ஆய்வென்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பல்கலைக்கழகத்தின் உள்குழு போதாது. சுகாதாரத் தரவையும் உள்ளாட்சியின் பராமரிப்புத் தரவையும் இணைக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு பக்கமும் கையெழுத்தாக வேண்டும். எனக்கு ஓர் உள்ளாட்சி அமைப்பிடமிருந்து தரவு வர பதினோரு மாதம் ஆனது. என் திட்டத்தில் மூன்று மாதம் என்று எழுதியிருந்தேன். உதவித்தொகையின் கடிகாரம் அதற்காக நிற்கவில்லை. தரவு வரவே இல்லையென்றால் நேர்காணல்களை மட்டும் வைத்து ஆய்வு நிற்குமா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வுக் குழு கட்டாயம் கேட்கும் ஒன்று, சேவை பெறுபவர்களும் குடும்பத்தாரும் உங்கள் கேள்வியை உருவாக்குவதில் பங்கெடுத்தார்களா என்பது. கடைசி வாரத்தில் இரண்டு பேரை அழைத்துக் கையெழுத்து வாங்குவது உடனே தெரிந்துவிடும். உங்களுக்குப் பழக்கமான குடும்பங்கள் இருக்கும். நிறுவனத்தின் அனுமதியோடு நாலைந்து பேரிடம் உட்கார்ந்து, எதை ஆராய்ந்தால் உங்களுக்குப் பிரயோசனம் என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது, மூன்று பக்கத்துக்கு எழுதி வைத்திருந்த என் கேள்வியை ஒரு மகள் ஒரே வரியில் மாற்றிவிட்டார்: "அம்மாவுக்கு யார் யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும், வராதபோது யார் பொறுப்பு என்றுதான் தெரியவில்லை." என் ஆய்வின் இரண்டாம் அத்தியாயம் அந்த வரியிலிருந்துதான் வந்தது.